மூன்று வரி அடிக்குறிப்பு

வக்ஃபு வாரியத்து வக்கீலின் கடிதத்தைப் பேராசிரியர் முதலில் பெருமையோடுதான் படித்தார். தம்முடைய மனுவில் அவர் கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பதாகவும், அதற்கு மனமார்ந்த நன்றி என்றும், தேவைப்பட்டால் ஒரு கையெழுத்து வாங்க வருவதாகவும் வக்கீல் எழுதியிருந்தார். மனுவின் நகலையும் கூடவே வைத்திருந்தார்.

பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிறவர். இஸ்லாமியச் சட்டமும் அதிலிருந்து பிறந்த அமைப்புகளும் ஒரு சமூகத்தின் வளர்ச்சியை எங்கே தூக்கிவிட்டன, எங்கே பிடித்து நிறுத்தின என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. காஜி என்னும் இஸ்லாமிய நீதிபதிகளின் பழைய மன்றப் பதிவேடுகளைத் தேடிப் படிப்பதில் கண்ணாடியின் பவர் மூன்று முறை ஏறியிருந்தது. அவர் எழுதுவதை உலகம் முழுக்கச் சேர்த்து நூறு பேர் படித்தால் அதிகம். அந்த நூறு பேரில் நீதிமன்றம் எதுவும் கிடையாது.

"யாருங்க லெட்டர் போட்டது?" என்று மனைவி கேட்டாள். குடிநீர் வாரியத்தில் பொறியாளர். எட்டரைக்குக் கிளம்ப வேண்டியவள், ஒரு காலில் செருப்பு மாட்டியபடி நின்றாள்.

"கோர்ட்டுல என் கட்டுரையைக் காட்டியிருக்காங்க."

"எந்தக் கட்டுரை? கழுதைக் கட்டுரையா?"

"ஆமா."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் அவருடைய பத்தி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, நகரப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கமுள்ள பதினெட்டு அறைச் சத்திரத்தின் நோக்கம் காலாவதியாகிவிட்டதாக அறிவிக்க வேண்டும் என்றும், அந்த இடத்தை அடுக்கு வாகன நிறுத்தத்துக்குக் கொடுத்துவிட்டு ஈடாக ஊருக்கு வெளியே நிலம் வாங்க அனுமதி வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

மனைவி மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு பதிலுக்காக நின்றாள். பிறகு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

கழுதைக் கட்டுரை என்று பெயர் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஒருவர் தன் சொத்தை இறைவன் பேரில் நிரந்தரமாக ஒப்படைத்து, அதன் பலன் இன்ன காரியத்துக்கு என்று சாசனம் எழுதிவைத்தால் அது வக்ஃபு. எழுதியவர் சொன்னதை யாரும் மாற்றக்கூடாது என்பது பழைய விதி. அந்த இறுக்கம்தான் சொத்தை உறையவைத்தது, காலத்துக்கேற்ற அமைப்புகள் வளரவிடாமல் தடுத்தது என்பது பேராசிரியரின் வாதம். அதற்கு உதாரணமாக அந்தச் சத்திரத்தை எடுத்திருந்தார். தோல் வியாபாரியின் விதவை ஒருத்தி, வழிப்போக்கர்களுக்கும் அவர்களோடு வரும் வாயில்லா ஜீவன்களுக்கும் மூன்று நாள் தங்க இடமும் தீவனமும் தண்ணீரும் என்று எழுதிவைத்துப் போனது. "அரை நூற்றாண்டாக ஒரு கழுதைகூட நுழையாத நகரத்தில், கழுதைகளின் வசதிக்காக ஒரு சத்திரமே இன்னும் காத்திருக்கிறது" என்று பேராசிரியர் எழுதினார்.

கருத்தரங்குகளில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் அரங்கம் சிரித்தது. மூன்று நாடுகளில் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வந்து அடங்கும்வரை எத்தனை நொடி நிறுத்தவேண்டும் என்பதுகூட அவருக்குப் பழகியிருந்தது. மற்ற பொருளாதார ஆட்கள் கட்டுரையின் தலைப்பை மறந்தாலும் கழுதையை மறக்கவில்லை.

மனுவை மூடி வைத்துவிட்டு அவர் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். பத்து மணிக்கு வகுப்பு இருந்தது. மனம் ஏழு வருஷம் பின்னால் போய் நின்றுகொண்டது.

அன்று சத்திரத்தின் முத்தவல்லி, அதாவது சொத்தை நிர்வகிக்கிறவர், ஒரு பெண்மணி என்று தெரிந்து அவர் ஆச்சரியப்பட்டார். முன்பு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. தங்கியிருந்தவர்கள் அவரைச் சாவிக்கொத்து என்றே கூப்பிட்டார்கள். அவர் காதுபடவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். சாசனத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் காட்டினார். பிறகு, "இதையும் பாத்துடுங்க தம்பி. இது இல்லாம அது அரைகுறை" என்று ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து பழைய பதிவேட்டை எடுத்தார்.

எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காஜி எழுதிய உத்தரவு அது. பிராணிகள் வருவது நின்றுபோய், லாயம் காலியாகக் கிடந்த காலம். பக்கத்தில் புதிதாக ஆஸ்பத்திரி வந்திருந்தது. லாயத்தை என்ன செய்வது என்று அன்றைய முத்தவல்லி காஜியிடம் கேட்டிருக்கிறார். காஜி எழுதியிருந்தார்: நோயாளியும் வழிப்போக்கரே. சாசனம் எழுதிய பெண்ணின் எண்ணம், சுமை சுமந்து கூட வந்த ஜீவன் தெருவில் நிற்கக்கூடாது என்பது. ஆகவே நோயாளிக்குத் துணையாக வந்தவர் லாயத்தில் தங்கலாம், தீவனத்துக்கு ஒதுக்கியதை அவருக்கு உணவாகக் கொடுக்கலாம்.

அதைப் படித்தபோது பேராசிரியருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நல்ல கண்டுபிடிப்பு என்று தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டார். லாயம் பதினோரு அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில். சுவரில், "பல்பைக் கழற்றிக்கொண்டு போகிறவர் வீட்டில் வெளிச்சம் வராது" என்று முத்தவல்லி கைப்பட எழுதியிருந்தார்.

கிளம்பும்போது முத்தவல்லி கேட்டார். "காஜி எழுதினதையும் எழுதுவீங்கள்ல?"

"கண்டிப்பாக்கா."

எழுதத்தான் செய்தார். மூன்று வரியில் ஓர் அடிக்குறிப்பு. கட்டுரை நீளம் அதிகம், குறைத்துக் கொடுங்கள் என்று பத்திரிகையிலிருந்து வந்தது. அதனால்தான் அந்த மூன்று வரி போயிற்று என்று பிறகு அவர் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் பத்திரிகையிலிருந்து கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதை நீக்கியாயிற்று. அந்த மதியம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அடிக்குறிப்போடு ஒருமுறை படித்தார். கழுதை வாக்கியம் சப்பென்று இருந்தது. அடிக்குறிப்பை எடுத்துவிட்டுப் படித்தார். வாக்கியம் துள்ளி எழுந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் அவர் சத்திரத்துக்குப் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை எல்லாம் மாறிப்போயிருக்கும், அறைகள் காலியாகக் கிடக்கும், நாம் எழுதியது பொய்யாக இருந்தாலும் இப்போது உண்மையாகியிருக்கும் என்று ஒரு நப்பாசை.

அறைகள் நிரம்பி வழிந்தன. முற்றத்துக் கொடியில் போர்வைகள் காய்ந்தன. ஒன்பதாம் அறை வாசலில் ஒரு பெண் வெந்நீர்க் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவனுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது என்பதை அவளாகவே சொன்னாள். அங்கே யாரும் யாரிடமும் பேர் ஊர் கேட்பதற்கு முன்பு நோயைத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

முத்தவல்லி அலுவலக அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு வேகமாக வெளியே வந்தார்.

"போட்டோ எடுத்த தம்பிதானே நீங்க? உங்களைத்தான் நான் வலை போட்டுத் தேடிக்கிட்டிருக்கேன். பேரைக்கூடக் கேட்டு வெச்சுக்கல பாருங்க, என் புத்தியை."

அவர் சொன்னது இதுதான். பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. மழைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் தலையணை உறைக்குள் மண்தான் இருந்தது. மன்றத்திலிருந்த மூலப் பிரதி, கட்டடம் மாறியபோது எந்தக் கட்டோடு போயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை. வாரியம் வழக்குப் போட்டுவிட்டது. காஜியின் உத்தரவு இல்லையென்றால், சாசனத்தில் வழிப்போக்கரும் கழுதையும்தான் இருக்கிறது, நோயாளியோடு வந்தவர் என்று இல்லை என்று சொல்லி இடத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

"எவனோ ஒரு படிச்ச மகராசன் எழுதியிருக்கானாம், இங்க ஒண்ணுமே நடக்கலேன்னு. அதைத்தான் தூக்கிக் காட்டுறாங்க. வந்து ஒரு நாள் பாத்திருந்தா அப்படி எழுதியிருப்பானா?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். "எழுதியிருக்க மாட்டான்" என்றார்.

"அந்தப் படம் உங்ககிட்ட இருக்கா தம்பி?"

"தேடிப் பாக்கணும்கா."

"தேடுங்க. உங்களைப் படைச்சவன்தான் இன்னைக்கு இங்க அனுப்பியிருக்கான். பேரு என்னன்னு சொன்னீங்க?"

கட்டுரைகளின் மேல் அச்சாகிற பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னார். முத்தவல்லி அதையும் அவருடைய எண்ணையும் கைப்பேசியில் எழுதிக்கொண்டு, ஒன்பதாம் அறைப் பெண்ணிடம் தேநீர் வாங்கிவரச் சொன்னார். பேராசிரியர் அந்தத் தேநீரைக் குடித்தார்.

படம் தேட வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பெட்டியில், எந்தத் தட்டில், எந்த எண்ணில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை அச்செடுத்து உறையில் போட்டு, "கிடைத்தது" என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கூரியரில் அனுப்பினார். கடமை முடிந்தது என்று மனதை அடக்கப் பார்த்தார்.

நாலாம் நாள் முத்தவல்லியின் வக்கீல் கூப்பிட்டார். எங்கே போனாலும் ஹெல்மெட்டைக் கையிலிருந்து இறக்காத மனிதர் என்று முத்தவல்லி சொல்லியிருந்தார். போனில்கூட அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் இருந்தது.

"படம் அருமையா இருக்கு சார். ஆனா வெறும் படத்தைக் கோர்ட்டு ஏத்துக்காது. யாரு எடுத்தது, எப்ப எடுத்தது, எதைப் பாத்து எடுத்தது, நீங்க ஒரு அஃபிடவிட் போடணும். நாளைக்கே முடிச்சுடலாமா?"

பேராசிரியருக்கு அது அப்போதுதான் உறைத்தது. எடுத்த தேதியைச் சொன்னால், கட்டுரை எழுதும்போது உத்தரவு கையில் இருந்தது என்று ஆகிவிடும். கையெழுத்துப் போட்டால் முழுப்பெயர் வேண்டும்.

"இந்த வாரம் ஊர்ல இல்லையே" என்றார். சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அடுத்த வாரம் தேர்வு வேலை என்றார். அதற்கடுத்து, வக்கீலின் எண் வந்தால் எடுக்கவில்லை. முத்தவல்லி இரண்டு முறை கூப்பிட்டார். "தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா? சரியானதும் பேசுங்க" என்று குரல் பதிவு ஒன்று வந்தது. அதை ஒருமுறை கேட்டார். அழிக்கவும் மனம் வரவில்லை, இன்னொரு முறை கேட்கவும் துணிவில்லை.

மனைவி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"ஒரே சட்டையை நாலாவது தடவை மடிக்கிறீங்க."

அவர் சொன்னார். மூன்று வரியிலிருந்து தொடங்கி, தேநீர் வரைக்கும் சொன்னார். முடித்ததும் அவள் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அந்த ஜோக்குக்கு நானும் சிரிச்சிருக்கேன்" என்றாள். "என் ஆபீஸ்ல போய் வேற சொல்லியிருக்கேன்."

"உனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்." எழுந்துகொண்டாள். "நான் ஏதாவது திட்டுவேன், அதோட கணக்குத் தீந்துடும்னு உக்காந்திருக்கீங்க. நான் திட்டப்போறதில்ல."

அதற்கும் பிறகு ஒரு வாரம் தள்ளினார். நாலைந்து முறை வக்கீலின் எண்ணை எடுத்து வைத்துவிட்டு, வேறு வேலையில் தலையைக் கொடுத்துக்கொண்டார். வேலை முடிய வேண்டும், இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், வேறு யாராவது பழைய பிரதி ஒன்றைக் கண்டெடுத்துவிடுவார்கள் என்றெல்லாம் சாக்குகள் வந்துகொண்டே இருந்தன.

அதற்குள் வாரியம் இடைக்கால உத்தரவு ஒன்றை வாங்கிவிட்டது. லாயத்துப் பகுதி பாழடைந்தது, ஆபத்தானது, மனிதர் தங்குவதற்குச் சாசனத்தில் இடமில்லாதது. வழக்கு நடந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் இடிக்கலாம். ஹெல்மெட் வக்கீல் அவகாசம் கேட்டார். ஆதாரம் எங்கே என்று நீதிபதி கேட்டார். காட்ட அவரிடம் கையெழுத்தில்லாத ஒரு படம்தான் இருந்தது.

இடித்த செய்தியைப் பேராசிரியர் உள்ளூர்ப் பத்திரிகையில் பார்த்தார். ஒரு விரற்கடை நீளச் செய்தி. அன்றைக்கு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

லாயம் இருந்த இடத்தில் செங்கல் குவியல் கிடந்தது. பச்சை வண்ணம் பூசிய சுவர்த் துண்டு ஒன்றில் பாதி எழுத்துகள் தெரிந்தன. முன்பக்கத்து ஏழு அறைகள் மட்டும் நின்றன. முத்தவல்லியைக் காணோம், ஹெல்மெட் வக்கீலைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.

புறநோயாளிக் கூடத்தின் மாடிப்படிக்கு அடியில், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இராத்திரியில் காவலாள் விரட்டுகிறாராம். ஒன்பதாம் அறைப் பெண் அங்கே இருந்தாள். பக்கத்தில் அதே வெந்நீர்க் குடுவை. அவள் அவரைச் சத்திரத்தில் பார்த்ததை மறந்திருந்தாள். நின்றுகொண்டே இருக்கிறாரே என்று தன் அட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க, அண்ணே. நீங்க யாரு கூட வந்திருக்கீங்க?"

பேராசிரியர் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இப்படி ஒரு கேள்விக்கு அழுகிற ஆண்களை அவள் அந்தக் கூடத்தில் நிறையப் பார்த்திருக்க வேண்டும். குடுவை மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அங்கிருந்தபடியே அவர் ஹெல்மெட் வக்கீலைக் கூப்பிட்டார். "கையெழுத்துப் போடுறேன்" என்றார். "முழுப்பெயரையும் எழுதிக்கோங்க." சொன்னார்.

"சார், அந்தக் கட்டுரை எழுதினவரா?"

"அவரேதான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானே சொல்லணும்."

சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். மூன்று நாளில் விசாரணை. முதல் நாள் அவர் போனபோது முத்தவல்லி ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் கெஞ்சப் போயிருந்தார். இரண்டாம் நாள் அவர் போகவில்லை. மூன்றாம் நாள் நீதிமன்ற வராந்தாவில் முத்தவல்லியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களே தம்பி, அது போதும்" என்றார். கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

வாரியத்து வக்கீல் இனிமையான மனிதர். கூண்டில் ஏறிய பேராசிரியரைப் பார்த்து, பழைய நண்பரைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தார். பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்தவல்லி இன்னும் புரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார்.

"இந்தப் படத்தை எப்ப எடுத்தீங்க, சார்?" என்றார் வாரியத்து வக்கீல்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால."

"உங்க கட்டுரை வந்தது?"

"அதுக்கு அடுத்த வருஷம்."

"அப்ப எழுதறப்ப இது உங்ககிட்ட இருந்திருக்கு. நீங்க பெரிய ஆராய்ச்சியாளர். இது முக்கியமில்லேன்னு தோணினதால சேர்க்கல. அப்படித்தானே?"

அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டுரையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். படத்தையும் கொடுத்ததாகிவிடும்.

"இல்ல. முக்கியம்னு தெரியும். அடிக்குறிப்பா எழுதியிருந்தேன். மூணு வரி. அப்புறம் நீக்கிட்டேன்."

"ஏன்?"

"அது இருந்தா, பக்கத்துல இருக்கிற வாக்கியம் நிக்காது."

"எந்த வாக்கியம்?" என்று கேட்டது நீதிபதி. மனுவைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இதுவா? படிங்க" என்று நீட்டினார்.

பேராசிரியர் கழுதை வாக்கியத்தை நீதிமன்றத்தில் படித்தார். எங்கே நிறுத்தவேண்டும் என்று பழகிய இடத்தில் குரல் தானாக நின்றது. யாரோ ஒரு குமாஸ்தா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் முத்தவல்லி சிரிக்கவில்லை. இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேராசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களைத் தாழ்த்தி மடியிலிருந்த சாவிகளைப் பார்த்தார்.

"அப்ப உங்க ஆராய்ச்சியை நம்ப வேண்டாம்னு சொல்றீங்களா?" வாரியத்து வக்கீலின் குரலில் இனிமை போய்விட்டது.

"இந்தப் பத்தியை நம்ப வேண்டாம்."

"மத்த பத்திகளை?"

ஹெல்மெட் வக்கீல் எழுந்து, அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றார். நீதிபதியும் தலையாட்டினார். பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பேராசிரியர் சொன்னார்.

"நாற்பத்தோரு வக்ஃபுகளைப் பாத்தேன். அதுல ஒன்பதுல இந்த மாதிரி காஜி உத்தரவு இருந்துச்சு. சாசனத்து வார்த்தை மாறலேங்கிறதை வெச்சு, ஒன்பதையும் மாற்றமில்லைன்னு போட்டேன். மாறியிருக்குன்னு போட்டிருந்தா என் முடிவு அவ்வளவு உறுதியா வந்திருக்காது. எனக்கு உறுதியா வரணும்னு இருந்துச்சு."

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு இறங்கலாம் என்றார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. காஜியின் உத்தரவு செல்லும், சத்திரத்தின் நோக்கம் உயிரோடு இருக்கிறது, நிலத்தை மாற்ற அனுமதி இல்லை. இடித்த பதினோரு அறைகளைக் கட்டிக்கொடுப்பது யார் என்பதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். வாரியம் மேல்முறையீட்டுக்குப் போனது. செங்கல் குவியல் அப்படியே கிடந்தது.

பேராசிரியர் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். ஒன்பது வக்ஃபுகளையும் சரியாகக் குறித்துக் கணக்கை மறுபடி போட்டபோது, இறுக்கம்தான் வளர்ச்சியைத் தடுத்தது என்ற முடிவு மெலிந்து, இருக்கலாம் என்ற அளவுக்கு வந்து நின்றது. எழுதிய சட்டத்தைவிட அதை வாசித்த மனிதர்கள் சாமர்த்தியசாலிகள் என்று ஒரு வரி சேர்த்தார். பத்திரிகை சுருக்கமாக வெளியிட்டது. வருகிற வருஷம் பேச வரும்படி அழைத்திருந்த ஒரு மாநாடு, நிகழ்ச்சிநிரலில் மாற்றம் என்று கடிதம் போட்டது. துறையில் தேநீர் நேரத்தில் அவர் வந்தால் பேச்சு திசைமாறியது. அதெல்லாம் தன்னைப் பாதிக்காது என்று நினைத்திருந்தார். பாதித்தது.

தீர்ப்பு நகலோடு ஒரு நாள் சத்திரத்துக்குப் போனார். முத்தவல்லி அலுவலக வாசலிலேயே நின்று அதை வாங்கிக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"வக்கீல் ஏற்கெனவே கொடுத்துட்டாரு, சார். இருக்கட்டும், இன்னொண்ணு."

தம்பி போய் சார் வந்திருந்தது.

"அக்கா, நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்." சாவிக்கொத்தைக் கையால் பிடித்து ஒலி எழாமல் அமுக்கிக்கொண்டார். "அன்னைக்கு நான் பேரு கேட்டப்ப வேற பேரு சொன்னீங்களே, அது வாய் தவறி வந்ததா?"

"இல்ல."

"சரி. அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்." தீர்ப்பு நகலை மடித்துக்கொண்டார். "கோர்ட்டுல வந்து உங்க தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க. அது லேசான காரியமில்லேன்னு எனக்கும் தெரியுது. ஆனா கோவமில்லேன்னு வாய்க்காகச் சொல்ல மாட்டேன். பதினோரு ரூம், சார். ஒரு அஞ்சு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா."

"தெரியும்கா."

"ஒன்பதாம் ரூம் பொண்ணு ஊருக்குத் திரும்பிப் போயிட்டா. புருஷனைக் கூட்டிக்கிட்டுத்தான் போனா. தங்க இடமில்லாம எத்தனை நாள் ஓட்டுவா? அங்க மருந்து மாயம் என்ன நடக்குதோ." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வரேன்" என்று திரும்பிச் சொல்லிவிட்டு, அவரிடம் தலையசைத்துவிட்டுப் போனார். கதவை அறைந்து சாத்தவில்லை. சாதாரணமாகத்தான் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே மற்ற எட்டு வக்ஃபுகளின் விலாசத்தை எடுத்தார். அவருடைய கட்டுரையை வேறு எந்த வாரியம், எந்த மனுவில் ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. விடுமுறை நாள்களில் ஒவ்வொன்றாகப் போனார். இரண்டு இடங்களில் அவரையும் தெரியவில்லை, கட்டுரையையும் தெரியவில்லை. ஒரு தண்ணீர்ப் பந்தலை நடத்தியவர், "எழுதினா எழுதிட்டுப் போங்க, எங்க குழாய்க்குத் தண்ணி வருதுல்ல" என்றார். நாலாவதும் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வர ஆரம்பித்தது.

ஐந்தாவது, பார்வையற்றோருக்கான சிறு விடுதி. ஏழு வருஷத்துக்கு முன்பு அவர் அங்கே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பதிவேடு படித்திருக்கிறார். கேட்டில் துருவேறிய பூட்டு தொங்கியது. வாரியத்தின் பெயர்ப்பலகை புதிதாக இருந்தது. அவர் தெருவில் நின்றபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க மூடியிருக்கு."

"எப்ப மூடினாங்க?"

"தெரியல. பலகை போட்டு ஒரு வருஷம் இருக்கும்."

"உங்களாலயா?"

"அதுவும் தெரியல."

அவள் வேலையிடத்தில் இருந்தாள். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றாள்.

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை திறந்திருந்தது. உள்ளே ஒருவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கம்பிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் தெருவைக் கடந்து போய், அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்டார்.